தொலைந்த துணிகள் எங்கே போகின்றன?

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய தில்லைநாதன் மாஸ்டருக்கு,

மேல் டிவிசனில் கம்பிக் கொட்டகை காத்த கருப்பையா பேசுகிறேன். எழுதுவது என் மகள் தனம். எனக்குக் கையெழுத்தே பெருவிரல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் அச்சுத் தமிழாக மாற்றிக்கொண்டு வருகிறாள். அவரவர் பேசின பேச்சை மட்டும் மாற்றாதே, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தனத்தின் மாமியார் மீனாச்சி சம்பந்தி போன மாதம் காலமாகிவிட்டார். அவர் இருக்கும்வரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லலாம். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், கேட்கட்டும். ஆனால் நான் சொல்வது உங்களுக்குத்தான். உங்களிடம் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது மாஸ்டர். அதைக் கேட்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நீங்களோ பின்னாலிருந்து முன்னால் வருகிற வரிசைக்காரர். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். யாழ்ப்பாணத்து மனிதர். வெளிநாட்டில் பெரிய படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தாயாரைப் பார்க்க வந்தவர் சண்டையில் மாட்டிக்கொண்டார், திரும்பிப் போக முடியவில்லை, கணக்கு வாத்தியார் வேலையோடு மலையகத்து டயகமப் பக்கம் வந்து ஒதுங்கினார் என்று பேசிக்கொண்டார்கள். தடித்த கண்ணாடி. எங்கள் குளிருக்கு இரண்டு சுவெட்டர். பள்ளிக்கூடம் விட்டதும் என் கொட்டகைக்கு வருவீர்கள். தணலுக்குத்தான் வருகிறீர்கள் என்று நான் முதலில் நினைத்தேன். நீங்கள் பார்க்க வந்தது கம்பியை.

இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கம்பியைத் தெரியாது. மேல் டிவிசனுக்கும் கீழே இருக்கும் தேயிலை ஆலைக்கும் நடுவில் பெரிய பள்ளத்தாக்கு. ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். இங்கே ஒரு சக்கரம், ஸ்டோரில் ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி முடிவில்லாமல் ஓடும் ஒரே கம்பி. ஒரு பக்கம் கீழே போகும், மறு பக்கம் மேலே வரும். கம்பி நெடுக கொக்கிகள். கொழுந்து மூட்டையை நான் கொக்கியில் மாட்டினால் அது மெதுவாகப் பனி மூட்டத்துக்குள் போய் மறையும். கீழே ஸ்டோரில் வேலை செய்கிற சிங்களவர் சோமபால நிற்பார். அவர் தலைக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். வருகிற மூட்டையை அது தட்டிக் குழிக்குள் விழ வைக்கும்.

முதல் நாள் நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"அண்ணை, இடையில ஒண்டும் விழுறேல்லையோ?"

"விழும் மாஸ்டர். காத்துக்குப் பாதி, கொரங்குக்குப் பாதி. நடுப் பள்ளத்துல என்ன நடக்குதுன்னு யாரு கண்டா?"

உங்கள் முகம் அப்படியே மாறிவிட்டது. "நான் படிச்சது இதைத்தான் அண்ணை. உலகத்தில இப்ப யந்திரங்கள் ஒண்டோட ஒண்டு கதைக்குது. கதை இடையில தொலைஞ்சு போகும். தொலைஞ்சாலும் கெடுதி ஒண்டும் நடவாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுக்குத்தான் கணக்கு."

அந்தக் கணக்கை நீங்கள் போடும் விதம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பிரசித்தம் ஆகிவிட்டது. எதையும் சாவிலிருந்து தொடங்குவீர்கள். படி உடைந்திருக்கிறதா? முதலில் ஒரு கிழவி விழுந்து கிடக்கிறாள் என்று வைத்துக்கொள், அதற்கு ஓர் அடி முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன, இப்படியே பின்னுக்குப் போ. போய்ப் போய் இன்றைய நாளில் வந்து முட்டினால் அந்தச் சாவு நடக்கக்கூடியது. எங்கேயும் முட்டாமல் வழி அடைத்துப்போனால் அது நடக்காது. கொழுந்துக் கூடையோடு போகிற ராக்கம்மா உங்களைக் கண்டால் விடமாட்டாள்.

"இந்தா வாராரு சாவுக் கணக்கு மாஸ்டரு! இன்னைக்கு யாருக்குங்க நாள் குறிச்சிருக்கீங்க?"

"உமக்குத்தான் ராக்கம்மா. பின்னேரம் வெத்திலை கொண்டு வாரும், விபரம் சொல்லுறன்."

"எனக்குச் சாவு வந்தா அது ஒங்க கணக்கு கேட்டுச் சலிச்சுத்தான் வரும்!"

சிரிப்போம். பிறகு அந்த மழை வந்தது. மலை சரிந்து, மேல் டிவிசனுக்கு இருந்த ஒரே பாதை பள்ளத்தாக்கில் போய்விட்டது. தொலைபேசிக் கம்பியும் அதோடு போயிற்று. சுற்றிக்கொண்டு கால்நடையாக இறங்க ஒரு பகல் முழுவதும் ஆகும். நோயாளிகளை என்ன செய்வது? தோட்டத்தை நடத்துகிற தொரை யோசித்தார், கங்காணிகள் யோசித்தார்கள், கடைசியில் கொக்கியில் ஒரு பலகையைக் கட்டி ஆளை உட்கார வைத்து அனுப்பினோம்.

ஆளை அனுப்புவது மூட்டை அனுப்புவது போல் இல்லை. சோமபால முன்கூட்டியே அந்த இரும்புச் சட்டத்தைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்காவிட்டால் மூட்டைக்கு நடப்பதுதான் ஆளுக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். ஆள் வரப்போகிறது என்றால் நான் ஒரு சிவப்புத் துணியைக் கொக்கியில் மாட்டி அனுப்புவேன். சோமபால அதைக் கண்டு, சட்டத்தைத் தூக்கிவிட்டு, மேலே வரும் கொக்கியில் வெள்ளைத் துணி மாட்டுவார். வெள்ளை வந்தால் ஆளை ஏற்றலாம். துணி வழியில் விழுந்து, பதில் வராமல் போனால்? இன்னொரு சிவப்பை மாட்டுவேன். நோயாளியை மழையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க யாருக்கு மனம் வரும்?

பலகையில் ஏறிய பெருமாள் கங்காணி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் நீங்கள் கொட்டகைக்கு வந்தீர்கள். தரையில் ஒரு கல்லை வைத்தீர்கள்.

"இது பிணம். சட்டம் அடிச்சுச் செத்தவர். ஒரு அடி முன்னால என்ன?"

"ஆளு கொக்கியில வந்திருக்கணும். சட்டம் கீழ இருந்திருக்கணும்."

"அதுக்கு முன்னால?"

"நான் வெள்ளையப் பாத்துட்டு ஏத்தியிருக்கணும்."

"அந்த வெள்ளை எப்பிடி வந்தது?"

"சோமபாலதான் அனுப்பணும். அவன் அனுப்பாம எங்கிருந்து வரும்?"

"அனுப்பினவன். சரி. எப்ப அனுப்பினவன்?"

கங்காணிக்காக நான் இரண்டு சிவப்பு மாட்டியிருந்தேன். இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு வெள்ளை புறப்பட்டிருக்கும். ஒன்றுதான் வந்தது, ஆளை ஏற்றிவிட்டோம். மற்றது? பொழுது சாய்ந்ததும் கம்பியை நிறுத்திவிடுவார்கள். மற்ற வெள்ளை ராமுழுக்கப் பள்ளத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் கம்பி ஓடத் தொடங்கும். நான் அடுத்த ஆளுக்குச் சிவப்பு மாட்டுவேன், அது விழுந்துவிடும், சோமபாலவுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது நேற்றைய வெள்ளை மூட்டத்திலிருந்து வெளியே வரும். நான் ஆளை ஏற்றுவேன்.

நீங்கள் பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "இப்ப அந்த மூட்டத்துக்குள்ள எத்தினை வெள்ளை வந்துகொண்டிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமே அண்ணை?"

அன்று முழுக்க ஆளை ஏற்றவில்லை. மறுபடி மறுபடி கணக்குப் போட்டீர்கள். தரையெல்லாம் கொழுந்துக் காம்பு. அப்புறம் வழக்கத்தை மாற்றினீர்கள்; நடந்து போக ஆள் அனுப்பி சோமபாலவுக்கும் சொன்னோம். முதல் ஆளுக்குச் சிவப்பு, அதற்குப் பதிலும் சிவப்பு. அடுத்த ஆளுக்குப் பச்சை, பதிலும் பச்சை. மறுபடி சிவப்பு. பழைய பதில் பிந்தி வந்தாலும் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். "துணியில வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லை. நிறத்தை மட்டும் பாருங்கோ." என் சிவப்பெல்லாம் செத்துப்போன என் வீட்டுக்காரியின் கறுப்புக் கரைச் சேலையில் கிழித்தது. சோமபால கிழித்தது ஸ்டோரில் கிடந்த வெறும் சிவப்புச் சீலை. வந்த துணியையே அவர் வீணாக்காமல் திருப்பி மாட்டுவதும் உண்டு.

இது பிழைக்காது என்பதற்கு நீங்கள் கொடுத்த விளக்கத்தை நான் இன்றைக்கும் யோசிப்பேன். கம்பியில் எத்தனை துணி வேண்டுமானாலும் தொங்கலாம், எண்ணிக்கைக்கு முடிவே இல்லை என்று வைத்துக்கொண்டீர்கள்.

"நம்ம கம்பிக்குக் கொக்கி இத்தனைன்னு இருக்கே மாஸ்டர்?"

"இண்டைக்கு இத்தினை. நாளைக்கு? எல்லை போட்டா எல்லைக்கு அங்கால நடக்கிறதைப் பாக்காம விட்டிடுவம்."

"முடிவில்லாததை எப்படிப் பாத்து முடிப்பீங்க?"

"முழுக்கப் பாக்கத் தேவையில்லை. நிறையத் துணி தொங்கிற நேரம் கம்பி தொலைச்சுத் தொலைச்சுக் கொஞ்சமாக்கிப்போடும். கொஞ்சம் தொங்கேக்க ஆபத்து வருமெண்டா, நிறையத் தொங்கேக்கையும் வரும். ஆனபடியா ஆபத்து வாறதுகளில மிகச் சின்னதுகளைப் பிடிச்சாக் காணும். சின்னதுகள் ஒரு கட்டத்தில தீரும். அதுக்குத் தேற்றம் இருக்கு."

தொலைக்கிற கம்பி என்பதால்தான் கணக்கு முடிகிறது என்றீர்கள். அதைக் கேட்க எனக்கு என்னமோ போல் இருந்தது.

"ஒண்டை மட்டும் நான் நம்பிக்கொள்ளுறன் அண்ணை. கம்பி தொலைக்கும். தானாப் படைக்காது. ஆரும் மாட்டாத துணி கம்பியில வராது."

"அது சாமியே நம்புற விசயம் மாஸ்டர்."

இன்னொரு பின்னேரம், மூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பதில் வரவே வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். மாட்டிக்கொண்டே இருங்கள் என்றீர்கள். விழுவது காற்றின் கையில் இருக்கிற சூதாட்டம், விடாமல் மாட்டினால் ஒன்று போய்ச் சேரும்.

"நிச்சயமாவா?"

"நிகழ்தகவு ஒண்டு."

"அப்ப நிச்சயம்தானே?"

"இல்லை. ஒவ்வொண்டும் விழுந்து, ஒண்டுகூடப் போய்ச் சேராத ஒரு நடப்பும் இருக்கு. அதைக் கணக்கால அழிக்கேலாது. ஆனா தராசில வைச்சா அதுக்கு எடை இல்லை."

நான் தணலைக் கிளறினேன். "எடையே இல்லாத அந்த நடப்புல ஒருத்தன் மாட்டிக்கிட்டா, அவன் என்ன பண்ணுவான் மாஸ்டர்?"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். எப்போது வரும் என்பதற்கு மட்டும் கெடு கேட்கக் கூடாது, வரும், அவ்வளவுதான் என்றீர்கள்.

அந்த வழக்கத்தில் பலர் நல்லபடியாகப் போனார்கள். அப்புறம் தனத்தின் முறை.

தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று காலையில் வலி கண்டது. லயத்தில் பிரசவம் பார்க்கிறவளும் ராக்கம்மாதான்; தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, காலு முன்னால வருது. இங்க வச்சிக்கிட்டு என்னால ஆகாது. கீழ கொண்டு போயிருங்க."

கொட்டகைக்குத் தூக்கி வந்தோம். சிவப்பின் முறை. மாட்டினேன். போய் மறைந்தது. பதில் சிவப்பு வரவில்லை. இன்னொன்று மாட்டினேன். காற்று அன்றைக்குப் பள்ளத்தில் ஆள் அழுவது மாதிரி சத்தம் போட்டது. வெறும் கொக்கிகள் ஒவ்வொன்றாக மூட்டத்திலிருந்து வந்து, சக்கரத்தைச் சுற்றி, திரும்பவும் மூட்டத்துக்குள் போயின. மறுபடி மாட்டினேன். தனம் பலகையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"அப்பா, ஒங்க கம்பியில இடி விழ! எப்ப வரும்?"

(இதை எழுதும்போது அவள் தலை நிமிரவில்லை.)

"வரும் பிள்ளை, வரும்" என்றீர்கள். உங்கள் உதடு வெளுத்திருந்தது.

அப்போது சிவப்பு வந்தது. நான்தான் முதலில் கண்டேன். "வந்துருச்சு! தூக்குங்க பொண்ண!" நீங்கள் கையை நீட்டி எங்களைத் தடுத்தீர்கள். துணியைக் கொக்கியிலிருந்து எடுத்தீர்கள். நிறத்தை மட்டும் பார் என்று சொன்ன மனிதர், அதைத் திருப்பிப் பார்த்தீர்கள். ஓரத்தில் கறுப்புக் கரை.

"அண்ணை, இது எங்கட துணி."

"சோமபால நம்ம துணியவே திருப்பி மாட்டியிருப்பான். முன்னயும் செஞ்சிருக்கானே."

"ஓம். செஞ்சிருக்கலாம்."

பள்ளத்தின் பக்கம் திரும்பினீர்கள். பிறகு, எனக்கு இல்லை, உங்களுக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னீர்கள்: "தொலைஞ்சது எங்க போகுது எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை."

எனக்கு அது விளங்கவில்லை. "ஏத்தலாமா மாஸ்டர்?"

"பொறுங்கோ. நான் முதல்ல போறன். சட்டம் கீழ இருந்தா நான் குதிச்சிடுவன். பிள்ளையால குதிக்கேலாது. போய்ச் சேர்ந்தவுடனை பச்சை அனுப்புறன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு மூட்டத்துல என்னத்தப் பாத்துக் குதிப்பீங்க?" ராக்கம்மா கேட்டாள்.

"கழட்டிப்போட்டுப் போறன், சரியே?" சிரித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறினீர்கள். உங்கள் இரண்டு சுவெட்டரும் கொஞ்ச தூரம் தெரிந்தன. அப்புறம் தெரியவில்லை.

நாங்கள் பச்சைக்காகக் காத்திருந்தோம். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. யாரோ கீழே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். கம்பி நின்றால் அந்த மலையில் எவ்வளவு அமைதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொக்கிகள் மட்டும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

பிள்ளை கொட்டகையிலேயே பிறந்தது. ராக்கம்மாவே எடுத்தாள், எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தனத்தை அந்தக் கொக்கியில் ஏற்றியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது.

மறுநாள் சோமபால சுற்றுப்பாதையில் நடந்து மேலே வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, மம யெவ்வே நே" என்றார். சிங்களத்தில், நான் அனுப்பவில்லை என்று அர்த்தம். ஒரு சிவப்பும் அவரிடம் வந்து சேரவில்லை. சட்டத்தை அவர் தூக்கவே இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

சாவிலிருந்து தொடங்கு என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருந்தீர்களே, நானும் தொடங்கினேன். சட்டம் கீழே இருந்தது. அதற்கு முன்னால், நீங்கள் ஏறினீர்கள். அதற்கு முன்னால், சிவப்பு வந்தது. அதற்கு முன்னால், யாரோ அதை மாட்டினார்கள். சோமபால இல்லையென்றால் யார்? உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு பேச்சு காதில் விழுந்தது. கீழே இருந்த மீனாச்சி சம்பந்தி அன்று காலையில் ஸ்டோருக்குப் போய், மாதம் நிறைந்த மருமகள் நல்லபடியாக இறங்கி வர வேண்டும் என்று ரோதைமுனிக்கு நேர்ந்து, மேலே போகும் கொக்கியில் ஒரு துணியைக் கட்டினாராம். சக்கரம் சுற்றும் இடத்தைக் காக்கிற சாமி ரோதைமுனி. ஸ்டோரில் வேலை செய்கிற எல்லோரும் அதற்கு நேர்வது வழக்கம்தான்.

என் கணக்கு அங்கே போய் முட்டி நின்றது. முன்னே வந்து சேர்ந்த எங்கள் துணி ஒன்று ஸ்டோரில் கிடந்திருக்கும், அதை எடுத்துக் கட்டியிருப்பார். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கும்பிட்டுக் கட்டிய கை, உங்களைக் கொன்றுவிட்டது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு அது தெரிந்தால் அன்றைக்கே கிணற்றில் விழுந்திருப்பார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "இவ முனி குடுத்த புள்ள" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன மாதம் அவர் படுக்கையில் கிடந்தார். என்னைப் பார்த்து, "அண்ணே, ஒரு நேத்திக்கடன் பாக்கி கெடக்கு. தனத்துக்காகக் கட்டுன துணிய அவுக்கவே இல்ல. அது எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

நான் குனிந்து கேட்டேன். "அந்தச் செவப்புத் துணிதானே சம்பந்தி?"

"செவப்பா? நேத்திக்கு யாராச்சும் செவப்புக் கட்டுவாங்களா? மஞ்சத்துல நனைச்ச துணிண்ணே. மஞ்சத் துணி."

மாஸ்டர், அந்த அறையில் நல்ல வெயில். எனக்கு மட்டும் மூட்டம் உள்ளே வந்தது போல் இருந்தது. அவர் கட்டிய மஞ்சள் மேலே வரவில்லை. யாரும் கட்டாத சிவப்பு வந்தது.

காரியம் முடிந்ததும் சோமபாலவைத் தேடிப் போனேன். பாதை போட்ட பிறகு கம்பிக்கு வேலை இல்லை. பல வருசம் சும்மா நின்று துருப்பிடித்ததை இப்போதுதான் பழைய இரும்புக்காகக் கழற்றுகிறார்கள். கழற்றுகிற பொடியன்கள் நடுப் பள்ளத்தில் கம்பியைத் தாங்கி நிற்கிற உயரத் தூணில் ஒரு முனி இருக்கிறது, நாங்கள் சூடம் கொளுத்திவிட்டுத்தான் கை வைத்தோம் என்றார்கள். அங்கே ஏது முனி என்று நாங்கள் இரண்டு கிழவர்களும் ஒரு தெளிந்த காலையில் கம்பை ஊன்றி இறங்கிப் போய்ப் பார்த்தோம்.

அந்தத் தூணில்தான் போகிற கம்பியும் வருகிற கம்பியும் கை எட்டும் தூரத்துக்கு நெருங்குகின்றன. தூணின் கைமரம் முழுக்கத் துணி. கறுப்புக் கரைச் சிவப்பு, வெளுத்துப்போன பச்சை, பாசி பிடித்த வெள்ளை. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி, நேர்ந்துகொண்டு கட்டிய மரம் போல் நின்றது. காற்று அடிக்கும்போது நுனிகள் வருகிற கம்பிப் பக்கமாகப் பறந்தன. சோமபால கை கூப்பிவிட்டார். கீழே ஓரத்தில், நிறம் போன ஒரு மஞ்சளும் இருந்தது. முடிச்சில் மஞ்சள் கிழங்குத் துண்டு அப்படியே.

தொலைந்ததெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. நான் அனுப்பிய சிவப்பு கீழே போகிற கொக்கியிலிருந்து காற்றில் கழன்று, மேலே வருகிற கொக்கியில் மாட்டி, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. கேட்ட கேள்வியே பதிலாக வந்தது. சம்பந்தியிடம் ஒரு பிழையும் இல்லை. சோமபாலவிடமும் இல்லை. கம்பி எதையும் படைக்கவில்லை, உங்கள் நம்பிக்கையும் பொய்யில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீங்கள் மட்டும் இல்லை.

இப்போது என் கேள்வி. நீங்கள் அந்தத் தூணைக் கடந்துதானே போனீர்கள்? கை நீட்டினால் தொடும் தூரம். முன்னே போன நோயாளிகள் கண்டிருந்தாலும் அவர்களுக்கு அது வெறும் கந்தல். கண்ணாடி இல்லாவிட்டாலும் அவ்வளவு சிவப்பு கண்ணுக்குப் படாமல் போகாது. அந்த இடத்தில் உங்களுக்குக் கணக்கு முழுதாக விளங்கியிருக்கும். கீழே யாரும் பதில் அனுப்பவில்லை, சட்டம் தூக்கவில்லை என்று தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் ஸ்டோர் வரைக்கும் கம்பி எவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் பள்ளம், குதிக்க இடமில்லை; ஸ்டோர் வாசலிலும் மூட்டத்தில் சட்டம் கண்ணில் பட்டிருக்காது. அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் மாஸ்டர்? பயந்தீர்களா? அல்லது, தொலைந்தது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதே என்று உங்கள் வழக்கப்படி கொஞ்சம் சந்தோசப்பட்டீர்களா?

மூட்டத்துக்குள் ஒரு குரல் கேட்டது என்று சோமபால சொல்கிறார். ஒரே வார்த்தை. தமிழ், அதனால் என்னவென்று விளங்கவில்லை என்கிறார். நான் எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டுகிறார். எது இல்லை என்று தெரிகிறது. எது என்று தெரியவில்லை.

பேத்திக்கு உங்கள் பெயரை வைக்க வழியில்லாமல் போயிற்று. கணக்கில் கெட்டிக்காரி. வாத்தியாரிடம் சண்டை போடுகிறாளாம். ராக்கம்மா உயிரோடு இருக்கிறாள். காது கேட்காது, வாய் மட்டும் குறையவில்லை. அந்தத் துணிகளை எல்லாம் சோமபாலவும் நானும் அவிழ்த்து, உங்களை வைத்த இடத்தில் புதைத்துவிட்டோம். மஞ்சளை மட்டும் ரோதைமுனியிடம் சேர்த்தோம்.

இப்போதெல்லாம் விடியற்காலையில் நான் பள்ளத்து ஓரத்தில் போய் நிற்கிறேன். கம்பி இல்லை, கொக்கி இல்லை. "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறேன். கொஞ்சம் பொறுத்து, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது. வயதான குரல். சில நாள் அது உங்கள் குரல் மாதிரியே இருக்கிறது. அண்ணை என்று சொல்வது போலக்கூட இருக்கிறது. காலை முன்னே எடுத்து வைக்கலாமா என்று தோன்றுகிறது.

உங்கள் மேல் ஆணையாக ஒன்று சொல்கிறேன் மாஸ்டர். நான் கூப்பிடுவதை நிறுத்த மாட்டேன். ஆனால் திரும்பி வருகிற என் சத்தத்தை உங்கள் பதில் என்று எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன். நீங்கள் உண்மையாகவே பதில் சொல்லும் நாள் வரைக்கும் இந்தக் கரையிலேயே நிற்பேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் நீங்கள் கூப்பிட்டு ஆக்கிய உறவில்,
உங்கள் அண்ணை
கருப்பையா